“கை பட்டுடுச்சு சார்”: குற்றம் செய்கிற மனசு எப்படி யோசிக்கிறது?

வியாசர்பாடியில் நான் மாலை வகுப்பு எடுக்கிற இடம் ஒரு மாடிக் கொட்டகை. கீழே கேரம் கிளப். முன்பு என்னிடம் கணக்குப் படித்த பையன் ஒருவன், பத்தொன்பது வயசு, வெட்டுக் கேஸில் உள்ளே போய் ஜாமீனில் வந்திருந்தான். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கண்டிஷன் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் படியேறி வந்து உட்கார்ந்தான். என்னடா நடந்தது என்று கேட்டேன். அவன் சொன்னதை அன்றிரவே எழுதி வைத்தேன்.

“பேச்சு வந்துச்சு சார். அது சண்டையாயிடுச்சு. கூட பசங்க இருந்தானுங்க. கத்தி இருந்துச்சு. கை தூக்கிடுச்சு. பட்டுடுச்சு.”

ஆறு வாக்கியம். ஒன்றில்கூட ‘நான்’ இல்லை.

அவன் பொய் சொல்லவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இப்படிப் பேசுவது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். போனைக் கீழே போட்ட பிள்ளை “போன் உடைஞ்சிடுச்சும்மா” என்று சொல்லும். “உடைச்சிட்டேன்” என்று சொல்லாது. பள்ளிக்கூடத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று படித்தோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் காணாமல் போய்விடுகிறார். போன் விஷயத்தில் இதனால் பெரிய நஷ்டமில்லை. வெட்டு விஷயத்தில், காணாமல் போன அந்த ஆளைத் தேடுவதுதான் குற்ற உளவியலின் பாதி வேலை.

டீக்கடையில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மூன்று பதில்தான் காதில் விழுகிறது. “அது ரத்தத்திலேயே இருக்கு.” “பாவம், சேர்க்கை சரியில்ல.” “சைக்கோப்பா அவன்.” நகரத்தின் மற்றப் பக்கங்களில் நாலாவதாக ஒன்று: “வடசென்னைன்னாலே அப்படித்தானே!” நாலும் தவறு என்பது என் கட்சி. அதைவிட முக்கியம், நாலுமே யோசனையை நிறுத்திவிடுகின்றன. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

ரத்தத்தில் இருக்கிறதா?

சிசேர் லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் 1876-இல் ஒரு புத்தகம் எழுதினார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி. தாடை, காது, மண்டையோடு, கை நீளம் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அவர் வாதம். 1913-இல் இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு எதுவும் கிடைக்கவில்லை. அறிவியலில் அந்தக் கதை ஏறக்குறைய அத்துடன் முடிந்தது.

நம் ஊரில் அது சட்டமாகவே நடமாடியது. ஆங்கிலேய அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததற்காகவே ஆட்களின் பெயரைப் பதிந்து, கைரேகை எடுத்து, இரவில் வந்து ஆஜராகச் சொன்னார்கள். ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து, பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுக்க 1952-இலும் சட்டம் போனது. அந்த நினைப்பு மட்டும் ஆளை விட்டு ஏரியாவுக்கு இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. வேலைக்கு மனுப் போடும்போது 600039 என்று பின்கோடு எழுத யோசித்து, சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுக்கிற பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு.

ஏரியாவை வைத்து ஆளைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்லத் தோன்றும். மார்வின் வுல்ஃப்கேங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1945-இல் பிறந்து ஃபிலடெல்ஃபியா நகரில் வளர்ந்த 9,945 பையன்களின் போலீஸ் பதிவுகளை, 18 வயது வரைக்கும் உள்ளதை எடுத்துப் பார்த்தார்கள். 1972-இல் முடிவு வந்தது. ஐந்து தடவைக்குக் குறையாமல் மாட்டியவர்கள் 627 பேர். நூற்றுக்கு ஆறு பேர். பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் அந்த ஆறு பேர் கணக்கில் இருந்தன. ஒரே நகரத்தில் வளர்ந்தவர்கள்தான் எல்லோரும்.

இன்னொன்று, வயசு. பதின்பருவத்தில் ஏறி இருபதுகளில் இறங்குவது பல நாடுகளிலும் குற்றக் கணக்கின் வழக்கம். டெரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் இதை விளக்கினார்: வாலிப வயசோடு நிறுத்திக்கொள்கிற பெரிய கூட்டம் ஒன்று, சின்ன வயசிலிருந்தே தொடர்கிற சின்னக் கூட்டம் ஒன்று. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் பிளேடு வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் இன்றைக்குப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்கிறார்கள். ரத்தம் அதேதான்.

சூழ்நிலைதான் காரணமா?

ஐப்பசி மழை அடித்தால் புளியந்தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தாழ்வான இடம், வடிகால் போதாது. அதே மழை மேட்டுப் பகுதியில் பெய்தால் அரை மணியில் வடிந்துவிடும். சூழ்நிலை இப்படித்தான் வேலை செய்கிறது. அப்பா குடி, பாதியில் நின்ற படிப்பு, பத்து வயசுப் பையனைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிற ரோந்து வண்டி, உட்கார ஒரு மைதானம் இல்லாதது, எல்லாம் சரிவு. இந்தச் சரிவைச் சமப்படுத்துவது அரசாங்கத்தின் கடமை. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆனால் தண்ணீர் யோசிக்காது. ஆள் யோசிப்பான். ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணன் தம்பியில் ஒருவன் ஹார்பரில் லோடு ஏற்றப் போகிறான், மற்றவன் வேறு வேலைக்குப் போகிறான் என்றால், சரிவுக்கு மேலே இன்னொன்று நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதுவரை வந்த தூரம்: பிறப்போ ஏரியாவோ குற்றத்தைச் செய்வதில்லை. சூழ்நிலை வாய்ப்பைக் கூட்டுகிறது. வாய்ப்புக்கும் செயலுக்கும் நடுவில் யோசனை என்ற ஒரு படி இருக்கிறது. இனி அந்தப் படி.

ராங் சைடில் போகிற வண்டி

குற்றவாளியின் யோசனை நமக்குப் புரியாத பாஷை என்று நினைக்காதீர்கள். மூலக்கடை பக்கம் காலை எட்டரை மணிக்கு ராங் சைடில் வருகிற ஒருவரை நிறுத்திக் கேளுங்கள். நானே வந்திருக்கிறேன், அதனால் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

“யூ டர்னை அவ்ளோ தூரத்துல வெச்சா நான் என்ன பண்றது?” இது பொறுப்பை மறுப்பது. “ரெண்டு நிமிஷம்தானே, யாருக்கு என்ன ஆச்சு?” இது பாதிப்பை மறுப்பது. “எதிர்ல வர்றவன் பாத்து வரட்டும்.” இது பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்குவது. “ஏன், போலீஸ் வண்டி வர்றதில்லையா?” தட்டிக்கேட்கிறவர் மேல் திருப்புவது. “பொண்ணுக்கு இன்னைக்குப் பரீட்சை சார்.” இன்னொரு பெரிய கடமையைக் காட்டுவது.

கிரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1957-இல் எழுதிய கட்டுரையில் வருவது இதே ஐந்துதான். அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் ‘உறுத்தல் நீக்கும் உத்திகள்’ என்று சொல்லலாம்: தப்பு என்று தெரிந்த ஒன்றைச் செய்ய, மனசின் உறுத்தலை அந்த நேரத்துக்கு அமர்த்தி வைக்கிற வாக்கியங்கள். அன்றைக்கு இருந்த நினைப்பு, குற்றவாளிகளுக்குத் தனி நீதி, தனி ஒழுக்கம் என்பது. இவர்கள் அதை மறுத்தார்கள். தப்பு செய்கிற பையனும் திருடுவது தப்பு, அடிப்பது தப்பு என்றுதான் நம்புகிறான். நம்புவதால்தான் அவனுக்குச் சமாதானம் தேவைப்படுகிறது. உறுத்தாதவனுக்கு மருந்து எதற்கு?

கவனிக்க வேண்டியது நேரம். இந்த வாக்கியங்கள் மாட்டிக்கொண்ட பிறகு சொல்கிற சாக்கு மட்டும் கிடையாது. செயலுக்கு முன்னாலேயே வந்து வழியைத் திறந்துவிடுகின்றன. இப்போது அந்த ஐந்தை எங்கள் தெருப் பாஷையில் வாசித்துப் பாருங்கள். “சரக்கு உள்ள போயிடுச்சு.” “சும்மா பயமுறுத்தத்தான் போனோம்.” “அவன் மட்டும் யோக்கியனா, அவனுக்கு வேணும்.” “ஸ்டேஷன்ல மட்டும் நியாயமா நடக்குது?” “ஃப்ரெண்டுக்கு ஒண்ணுன்னா நிக்காம போறதா?” கடைசி வாக்கியம்தான் எனக்குப் பயம் தருவது. அதில் பொய் இல்லை, பாசம் இருக்கிறது. நட்பு என்ற நல்ல சொல்லைக் காட்டியே ஒரு பையனை வண்டியின் பின்சீட்டில் ஏற்றிவிடலாம்.

“இன்னா மொறைக்கிற?”

எங்கள் பக்கத்தில் நடக்கிற பல சண்டைக்கு முதல் வரி இதுதான். கேரம் கிளப் வாசலில் ஒருவன் நிற்கிறான். எதிரே ஒருவன் போகிறான். கண்ணும் கண்ணும் பட்டது. அவ்வளவுதான் நடந்தது. போனவனுக்கு வெயில் கண்ணில் அடித்திருக்கலாம், கடன்காரன் ஞாபகம் வந்திருக்கலாம். நின்றவன் மனசில் அது “என்னை மதிக்கல” என்று பதிவாகிறது.

கென்னத் டாட்ஜ் என்ற உளவியலாளர் 1980-இல் பள்ளிப் பையன்களிடம் இதைச் சோதித்தார். வேண்டுமென்று நடந்ததா தெரியாமல் நடந்ததா என்று தெளிவில்லாத ஒன்றில், அடிதடிக்குப் பேர்போன பையன்கள் மற்றவர்களைவிட அதிகமாக “வேணும்னே செஞ்சான்” என்று எடுத்துக்கொண்டார்கள். இதைப் ‘பகை கற்பித்தல்’ எனலாம்: எதிராளி மனசில் இல்லாத பகையை நாமே எழுதிப் படிப்பது.

இந்தப் பழக்கம் முட்டாள்தனத்தில் பிறப்பதில்லை. நிஜமாகவே அடி விழுகிற தெருவில், முந்திச் சந்தேகப்படுகிறவன் சில நாள் தப்பித்திருப்பான். அங்கே உதவின அனிச்சை மற்ற எல்லா இடத்திலும் அவனைக் கவிழ்க்கிறது. சிகாகோவில் பள்ளிப் பையன்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. ஒருவன் கையில் பந்து; அடுத்தவன் முப்பது விநாடியில் அதை வாங்க வேண்டும். நான் என் வகுப்பில் ஸ்ட்ரைக்கரை வைத்து அதைச் செய்து பார்த்தேன். பதினாலு பையன்கள், ஏழு ஜோடி. தொடங்கு என்றதும் தரையில் உருண்டார்கள். ஒருவன் விரலை ஒவ்வொன்றாய்ப் பிரித்தான், ஒருவன் மணிக்கட்டைக் கடித்தான், ஒரு சட்டைப் பை கிழிந்தது. நேரம் முடிந்ததும் கேட்டேன்: “யாராச்சும் ‘குடுடா’ன்னு கேட்டீங்களா?” மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஸ்ட்ரைக்கரை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்த பையன் சொன்னான்: “கேட்டிருந்தா குடுத்திருப்பேன் சார். அதுல இன்னா இருக்கு?”

அவன் முகம் எனக்கு மறக்காது. சிகாகோத் திட்டத்தை ஆய்வாளர்கள் முறையாக அளந்தபோது, அது நடந்த காலத்தில் வன்முறைக்காகக் கைதானது 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருந்தது. நல்லவனாக இரு என்று அங்கே யாரும் உபதேசம் செய்யவில்லை. அனிச்சைக்கும் கைக்கும் நடுவில் ஒரு மூச்சு இடம் விடக் கற்றுக்கொடுத்தார்கள்.

“பாத்துக்கலாம்”

அமெரிக்கச் சிறையில் வேலை பார்த்த உளவியலாளர் கிளென் வால்டர்ஸ், குற்ற யோசனைக்கு எட்டுப் போக்குகள் சொல்கிறார். எட்டும் நமக்கு வேண்டாம், ஒன்று போதும். அதை ‘அறுத்துவிடுதல்’ எனலாம்: தடுக்கிற நினைப்பை ஒரே சொல்லில் வெட்டிப் போடுவது. அம்மா முகம் வருகிறது, ஜெயில் நினைப்பு வருகிறது, உடனே “போனா போவுது, பாத்துக்கலாம்.” முடிந்தது. சில பேருக்கு அந்தச் சொல்லின் வேலையைக் குவார்ட்டர் பாட்டில் செய்கிறது. குடித்ததால் வெட்டினான் என்கிறோம். வெட்டுவதற்காகக் குடித்தவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது கையில் இருப்பது மூன்று: முன்கூட்டியே சமாதானம், இல்லாத பகையைப் படிப்பது, கடைசித் தடையை அறுப்பது. மூன்றும் வாக்கியங்கள். வாக்கியம் என்பதால் அவற்றைக் காதில் வாங்கவும் முடியும், மறுத்துப் பேசவும் முடியும்.

‘சைக்கோ’ என்ற சொல்

சினிமா இரண்டு வேறு விஷயத்தைக் குழப்பி நமக்குத் தந்த சொல் இது. ஒன்று உளச்சிதைவு: இல்லாத குரல் கேட்பது, நடப்பு எது கற்பனை எது என்ற பிடி நழுவுவது. இது நோய், இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தொடுவதுகூட இல்லை. இன்னொன்று அடுத்தவர் வலி மனசில் ஏறாத, குற்ற உணர்வு இல்லாத ஆளுமை. அவர்களுக்கு நடப்பு நன்றாகவே தெரியும். சிறையில் இருக்கிறவர்களிலும் இவர்கள் சிறுபான்மைதான். இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட்டு, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிற ஒருவரைக் கொலைகாரர் பட்டியலில் சேர்ப்பது பெரிய அநியாயம்.

சட்டம் பொறுப்பை எங்கே வைக்கிறது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. எண்கள் மாறின, பொறுப்பு பற்றிய அடிப்படை அப்படியே இருக்கிறது. ஏழு வயசுக்குக் கீழே குற்றமே கிடையாது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் என்றால், செய்வது இன்னதென்று புரிகிற முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கும். மனநோயால் தான் செய்வது என்னவென்றோ அது தப்பென்றோ அறிய முடியாதவருக்கு 22-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. நோய் இருந்தது என்பது மட்டும் போதாது. அந்த நேரத்தில் அந்த அறிவு இல்லை என்று காட்ட வேண்டும்.

தானாகக் குடித்த போதை பெரும்பாலும் காப்பாற்றாது. குடிக்காதவனுக்கு இருந்திருக்கும் அறிவு இவனுக்கும் இருந்தது என்றே சட்டம் வைத்துக்கொள்ளும். “நான் வண்டி மட்டும்தான் ஓட்டினேன்” என்பதும் அப்படியே. பொது நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்தால் ஒவ்வொருவரும் தனியாகச் செய்ததுபோலவே பொறுப்பு. பழைய சட்டத்தில் 34-ஆம் பிரிவு, புதியதில் 3(5). எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேருக்கு இது கேஸ் விழுந்த பிறகுதான் தெரிகிறது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருந்திருக்க வேண்டிய விஷயம்.

கோபத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. கடுமையான, திடீரென வந்த தூண்டுதலில் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் கொன்றால், அது கொலைக் குற்றத்தைவிடக் குறைந்த குற்றமாக மாறும், விடுதலை கிடைத்துவிடாது. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவிக்கு இன்னொருவரோடு உறவு என்று கேள்விப்பட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் சினிமாவில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போய் ஒரு பொய்க் காரணம் சொல்லிக் கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வாங்கினார். அந்த ஆளின் அலுவலகத்துக்குப் போய், அங்கே இல்லை என்றதும் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். நடுவில் சுமார் மூன்று மணி நேரம். மனம் ஆற அந்த நேரம் போதும் என்று சொல்லி, 1961-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கொலை என்றே முடிவு செய்தது. சினிமா வாசல், கப்பல், அலுவலகம், வீடு: ஒவ்வொரு இடத்திலும் அவருக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது.

காரணம் சொன்னால் சாக்காகிவிடாதா?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் 1961 முதல் சாமுவேல் யோகல்சன் என்ற மனநல மருத்துவர் குற்றவாளிகளோடு வேலை செய்தார். பின்னால் ஸ்டான்டன் சேம்னோ சேர்ந்தார். முதலில் வழக்கப்படி சின்ன வயசுக் காயங்களைத் தோண்டினார்கள். வந்தவர்கள் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டார்கள், குற்றத்தை விடவில்லை. முன்பு கைவசம் இல்லாத சாக்குகளை மருத்துவரே வாங்கிக்கொடுத்ததுபோல ஆனது. பிறகு பாதையை மாற்றி, அன்றாட யோசனையை வரி வரியாக எழுதச் சொல்லித் திருத்த ஆரம்பித்தார்கள். 1976-இல் 52 யோசனைப் பிழைகளோடு அவர்கள் புத்தகம் வந்தது. குறைகள் நிறைய: பெரும்பாலோர் பாதியில் விலகினார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைக்கவில்லை, சூழ்நிலையை அடியோடு ஒதுக்கினார்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. யோசனையைக் கேள்வி கேட்கலாம் என்ற வழி மட்டும் நிலைத்தது. 2005-இல் லாண்டன்பெர்கர், லிப்ஸி இருவரும் இப்படிப்பட்ட பயிற்சிகள் பற்றிய 58 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். திரும்பக் குற்றம் செய்கிறவர்கள் நூற்றுக்கு நாற்பது என்றால், பயிற்சி பெற்றவர்களில் முப்பது.

பத்துப் பேர் குறைவது சின்ன விஷயமா? அந்தப் பத்துப் பேரிடம் அடிபடாமல் தப்பிக்கிற பத்து வீடுகளையும் சேர்த்து எண்ணுங்கள்.

அடிபட்டவர் பெயர் இந்தப் பேச்சில் எப்போதும் கடைசியில்தான் வருகிறது. நானும் அதையே செய்துவிட்டேன். என் பையன் வெட்டிய ஆள் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர். வலது கையில் இரண்டு விரல் இப்போது மடங்குவதில்லை. ஐஸ் பாரில் கொக்கி போட்டு இழுக்க மடங்குகிற விரல் வேண்டும்.

பையன் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அந்த ஆறு வாக்கியத்தில் ஒன்றை எடுத்து, “இதுக்கு முன்னாடி என்ன?” என்று மட்டும் கேட்பேன். கத்தி எங்கே இருந்தது? வீட்டில். வீட்டிலிருந்து அங்கே எப்படி வந்தது? இந்தக் கேள்வியில் மூன்று வாரம் நின்றோம். போன மாதம் ஒரு நாள், கேரம் போர்டில் பவுடரை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

“சாயங்காலம் பேச்சு வந்துச்சு. நான் வீட்டுக்குப் போயிட்டேன் சார். அம்மா சோறு போட்டாங்க, சாப்ட்டேன். கருவாட்டுக் குழம்பு. கை கழுவிட்டு மேல ஏறி, துண்டுல சுத்தி எடுத்துக்கினேன். அம்மா எங்கடான்னு கேட்டுச்சு. இதோ வரேன்னு சொன்னேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்த ஐஸ்காரருக்கு எந்த விரல் என்று கேட்டான்.